கண்ணாடி ஏற்றிய வண்டி

பச்சை போய் மஞ்சள் வந்தபோது அருமைநாயகம் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மஞ்சள் போய் ஆரஞ்சு வந்தபோதும், புதுச் சாமான் அப்படித்தான் எதையாவது காட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தார். ஆனால் வளசரவாக்கம் தாண்டி, மெட்ரோ தூண் வேலைக்காகத் தகரம் அடைத்து ரோடு பாதியாகச் சுருங்கிய இடத்தில், முன்னால் ஏதோ கம்பெனியின் பழைய ஸ்டாஃப் பஸ்ஸும் பக்கத்தில் கலவை லாரியுமாக வண்டி நின்றுபோனபோது, டேஷ்போர்டின் மேல் மகள் வைத்திருந்த சோப்புப் பெட்டி அளவு, காற்றின் அழுக்கை நிறத்தில் காட்டும் வெள்ளைப் பெட்டி சிவப்பானது, சிவப்பிலும் நிற்காமல் ஊதாவானது. ஊதாவுக்கு மேல் அதற்கு நிறம் உண்டா என்று அவருக்குத் தெரியவில்லை. "அப்பாடி" என்றாள் எப்சி, பக்கத்து சீட்டில், ஏழு மாத வயிற்றின் மேல் கைப்பையை வைத்துக்கொண்டு, சினிமாவில் ஏதோ பார்த்ததுபோல. "ரோடு அவ்வளவு மோசமா இருக்கும்மா, பாரு" என்றார் அவர், "வெளியில நிக்கிறவன் பாடு என்ன ஆகும்." அதைச் சொல்லும்போது அவருக்கு வழக்கமான ஒரு திருப்தி இருந்தது, மழை நாளில் வீட்டுக்குள் இருந்துகொண்டு மழையைப் பார்க்கிறவனுக்கு இருக்கிற திருப்தி. எப்சி பெட்டியைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்பா, இது வெளியில இருக்கிறத காட்டலப்பா. இது எங்க இருக்கோ அங்க உள்ள காத்தத்தான் காட்டும். இது உள்ள. நம்ம காருக்குள்ள." "உள்ளயா? உள்ள எப்படிம்மா? கண்ணாடி ஏத்தியிருக்கே." சொல்லிவிட்டு நாலு கண்ணாடியையும் பார்த்தார். ஏற்றித்தான் இருந்தது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பின்பார்வைக் கண்ணாடியில் தொங்கிய எலுமிச்சை சென்ட் அட்டை மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது, வண்டிக்குள் எலுமிச்சை வாசனைதான் இருந்தது, புகை வாசனையே இல்லை, ஆனாலும் பெட்டி ஊதாவாகவே இருந்தது.

பெட்டி கெட்டுப்போயிருக்கும். அது இவர்கள் சொந்தப் பெட்டிகூட இல்லை, எப்சியின் ஆபீசில் பக்கத்து நாற்காலிக்கு டெல்லியிலிருந்து மாற்றலாகி வந்த பெண், ஹர்லீனோ என்னவோ பெயர், "உங்க ஊர்ல காத்து நல்லா இருக்கு, எனக்கு இது வேண்டாம், உன் பாப்பாவுக்காக நீ கொஞ்ச நாள் வச்சிக்கோ" என்று கொடுத்தது. நேற்று வீட்டில் வரவேற்பறையில் பச்சை காட்டியது, சமையலறையில் மீன் பொரித்தபோது மட்டும் கொஞ்சம் முகம் சிவந்தது, அப்போது அவர்தான், "பாத்தியா, ரோஷக்காரப் பெட்டி" என்று கேலி செய்தார். கெட்டுப்போயிருக்கும், டெல்லிக் குளிரில் இருந்த சாமான் சென்னை வெயிலில் கெட்டுப்போகாதா. கண்ணாடி ஏற்றின வண்டிக்குள் புகை எப்படி வரும். வராது என்பதற்கு அவரிடம் சாட்சி இருந்தது, கைக்குட்டை. ஸ்கூட்டர் வைத்திருந்த காலம் முழுக்க அவரும் மனைவி ரூபாவதியும் இதே ரோட்டில்தான் போனார்கள், அவளை நுங்கம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டு அவர் மவுண்ட் ரோட்டில் பேரிங் கடைக்குப் போவார். அவள் உள்ளே போகுமுன் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்து அவரிடம் விரித்துக் காட்டுவாள், மூக்கு பட்ட இடத்தில் கரி. "இந்தா பாருங்க, உங்க ஸ்கூட்டர் எனக்குப் போட்ட பவுடர்." பிறகு அலுவலகத்துப் பெண்கள் யாராவது வந்தால் சட்டென்று மடித்துக்கொள்வாள். அந்தக் கைக்குட்டைக்காகத்தான் அவர் கார் வாங்கினார். அலட்டலுக்கு இல்லை. கடையில் எல்லோரும், "அண்ணாச்சி காரு வாங்கிட்டாரு, இனி நம்மகூட டீ குடிப்பாரா" என்றபோதுகூட அவருக்கு மனதில் இருந்தது அந்தக் கரி மட்டும்தான். முதல் நாள் காரில் போய் இறங்கியதும் அவள் முகத்தைத் துடைத்துக் கைக்குட்டையை ஜன்னல் வழியாக நீட்டினாள். வெள்ளை. சலவையிலிருந்து எடுத்த மாதிரி வெள்ளை. அவள் முகத்தில் அன்றைக்கு வந்த சிரிப்பை அவர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை, அதன் பிறகு அத்தனை வருஷமும் கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தது, வெள்ளையாக இருந்ததால் துடைத்துப் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

விருகம்பாக்கத்தில் கால்வாய்ப் பாலம் வந்தது. அங்கே தகரம் கிடையாது, இரண்டு பக்கமும் திறந்த வெளி, காற்று அடிக்கும், கூடவே கால்வாய் நாற்றமும் அடிக்கும், அதனால் அந்த இடத்தில் யாரும் கண்ணாடியை இறக்கமாட்டார்கள். ஸ்டாஃப் பஸ் விலகி முன்னே போய்விட்டிருந்தது. "இருங்கப்பா, ஒண்ணு பாக்குறேன்" என்று எப்சி தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி பெட்டியோடு கையை வெளியே நீட்டினாள். "ஏட்டி, கைய உள்ள எடு, பைக்குக்காரன் அடிச்சிட்டுப் போயிருவான்." அவள் எடுக்கவில்லை. அதற்குள் நாற்றம் உள்ளே வந்து எலுமிச்சை வாசனையை ஒரு ஓரமாகத் தள்ளியது. பக்கத்தில் ஸ்கூட்டியில் துப்பட்டாவை முகம் முழுக்கச் சுற்றிக் கண்ணை மட்டும் விட்டிருந்த பெண் இவர்களை வேடிக்கை பார்த்தாள். பாவம் இந்தப் பிள்ளைகள் என்று தினமும் நினைப்பார், நின்றுகொண்டிருக்கிற வண்டிகளுக்கு நடுவில் அந்தத் துணியை நம்பி மூச்சு விடுகிற பிள்ளைகள், இன்றைக்கும் நினைக்கப் போனார், ஆனால் நினைப்பு பாதியில் நின்றுகொண்டது. ஏனென்றால் எப்சியின் கையில் பெட்டி ஊதாவிலிருந்து சிவப்பு, சிவப்பிலிருந்து ஆரஞ்சு, அப்படியே இறங்கி மஞ்சளில் வந்து நின்றது. அவள் கையை உள்ளே இழுத்துக் கண்ணாடியை ஏற்றினாள். மஞ்சள் கொஞ்ச நேரம் யோசித்தது. பிறகு ஆரஞ்சு. அடுத்த பஸ்ஸின் பின்னால் போய் ஒட்டியதும் சிவப்பு. பிறகு மறுபடியும் ஊதா. நாறுகிற காற்று மஞ்சள், எலுமிச்சை மணக்கிற காற்று ஊதா. பெட்டி கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போன பெட்டி இப்படி இறங்கி ஏறாது. அருமைநாயகம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார், ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் திடீரென்று பிரேக் பிடிக்கவில்லை என்று தெரிந்த மாதிரி இருந்தது, ஆனால் வண்டி நின்றுகொண்டுதான் இருந்தது. "வந்தது வெளியே போகல" என்றாள் எப்சி தனக்குத்தானே. "ரோட்டுல காத்து அடிச்சிட்டுப் போயிருது. இங்க வந்தது இங்கயே இருக்கு."

அவள் போனைத் தட்டிப் படிக்க ஆரம்பித்தாள். எதையும் படிக்காமல் விடமாட்டாள், சின்ன வயதில் பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டாள், அம்மாவைப் போல. அவர் படிக்காதே என்று சொல்ல நினைத்தார். படிக்காவிட்டால் இல்லாமல் போய்விடுமா. பஸ்ஸின் பின்பக்கம் கண்ணுக்கு நேரே இருந்தது, சைலன்சர் குழாய் இவருடைய நம்பர் பிளேட்டைத் தொடுகிற தூரத்தில் நடுங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நெருக்கி ஓட்டுவது அவருடைய கைத்திறன். இடைவெளி விட்டால் ஆட்டோ நுழைந்துவிடும், ஆட்டோ நுழைந்தால் அதன் பின்னால் பைக், இந்த ஊரில் ஓட்டத் தெரிந்தவன் என்றால் முன்வண்டியின் முதுகில் மூச்சு விடவேண்டும் என்று அவரே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறார். முன்வண்டியின் முதுகில் மூச்சு விடவேண்டும். அவர்தான் சொன்னார். "அப்பா" என்றாள் எப்சி, "இந்த லிவரு எப்பவும் இந்தப் பக்கமே இருக்கே, ஏன்?" ஏசி பட்டன்களுக்குக் கீழே குறுக்காக ஓடும் கோட்டில் கறுப்பாகச் சின்ன லிவர். இடது கோடியில் காருக்குள் வளைந்து சுற்றுகிற அம்பு, வலது கோடியில் வெளியிலிருந்து காருக்குள் நுழைகிற அம்பு. லிவர் வலது கோடியில் இருந்தது. "இது வெளிக்காத்த இழுக்கிற பக்கம். நிக்கிற ட்ராஃபிக்ல இது இப்படி இருந்தா முன்னால நிக்கிற வண்டியோட புகைய நேரா இழுத்து உள்ள விடுமாம். கண்ணாடி ஏத்தியும் பிரயோஜனமில்ல. இடது பக்கம் தள்ளிட்டு, கொஞ்ச தூரம் போனதும் நல்ல இடமா பாத்து ஒரு தடவ திறந்துவிட்டா போதுமாம், இல்லன்னா உள்காத்து கனமாகித் தலைவலிக்கும். இவ்வளவுதான்." இவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டே விரலை நீட்டினாள். "தொடாத!" அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. எப்சியின் கை அந்தரத்தில் நின்றது, மற்றக் கை தானாக வயிற்றைப் பிடித்தது. இந்தப் பிள்ளையை அவர் அதட்டியதே கிடையாது. "என்னப்பா?" "ஒண்ணுமில்ல. அத... அத விடு. இருக்கட்டும்." பக்கத்து ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, வீட்டுச் சண்டை என்று நினைத்து நாகரிகமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்த லிவரை மூன்று வருஷமாக யாரும் தொட்டதில்லை. சர்வீஸுக்கு விட்டால் பக்கத்திலேயே நிற்பார், தண்ணி அடித்துக் கழுவுகிற இடத்தில் உள்ளே துடைக்க வருகிறவர்களிடம், "இந்தப் பட்டன் பக்கம் துணி போகக் கூடாது தம்பி" என்பார், அவர்கள் ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். லிவரின் நுனியில் சாம்பல் நிறத்தில் நீளவாக்கில் ஒரு திட்டு இருந்தது. ரூபாவதியின் விரல். அவளைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்றைக்கு அவள் நெஞ்சில் விக்ஸ் தடவியிருந்தாள், விரலில் மிச்சம் இருந்தது, அந்த விரலால் லிவரை வலது பக்கம் தள்ளினாள், விக்ஸ் அதில் ஒட்டிக்கொண்டது, பிறகு தூசி விக்ஸில் ஒட்டிக்கொண்டு அப்படியே காய்ந்து நின்றுவிட்டது. இதே ரோடு, இதே காலை நேரம், இதைவிட மோசமான நெரிசல். வடபழனியைத் தாண்டி ஆஸ்பத்திரி. ஆம்புலன்ஸ் கூப்பிடலாம் என்று எப்சி போனில் அழுதாள், அது வந்து சேர்வதற்குள் நாமே போய்விடலாம் என்று இவர்தான் சொன்னார். சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள், "என்னங்க, மூச்சு முட்டுது, வெளிக்காத்து வேணும்" என்றாள். கண்ணாடியை இறக்கப் போனாள். அவர் விடவில்லை. "வெளியில புகைம்மா, இறக்காத, உனக்கு ஆகாது." அவள் அவரைப் பார்த்தாள். சண்டை போடத் தெம்பில்லாமல், கண்ணாடிப் பொத்தானிலிருந்து கையை எடுத்து, லிவரை இப்படித் தள்ளினாள். மேலே துவாரங்களின் வழியாக உஸ் என்று காற்று வந்தது, அவள் முகத்தைக் கொண்டுபோய் அந்தத் துவாரத்துக்கு நேரே வைத்துக்கொண்டாள், குழாயில் தண்ணீர் குடிக்கிறவள் மாதிரி வாயைத் திறந்து. "இப்ப எப்படி இருக்கு?" "பரவால்ல" என்றாள். அந்தப் பரவால்லதான் அவரிடம் மிஞ்சியது. அதைப் பிறகு எத்தனை முறை எடுத்து எடுத்துப் பார்த்திருக்கிறார், கடைசியில் அவளுக்குக் கொஞ்சம் காற்று கிடைத்தது, அந்த லிவராவது அவளுக்கு அதைக் கொடுத்தது என்று. அன்றைக்கு முன்னால் என்ன வண்டி நின்றது? இதுவரை அவர் அதை நினைத்துப் பார்த்ததே இல்லை. இப்போது நினைத்தார், நினைக்காமல் இருக்க முடியவில்லை. முன்னால் ஒரு தண்ணீர் லாரி நின்றது. அதன் பின்பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது, சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் நினைவிருக்கிறது. புகைக்குழாயின் வாய் எந்தப் பக்கம் இருந்தது என்பது நினைவில் இல்லை. இல்லை, இருக்கிறது. இவர்கள் பக்கம்.

அதற்கு முந்தின வருஷங்களும் இருக்கின்றனவே. லிவர் அன்றைக்கு மட்டும்தானா வலது பக்கம் இருந்தது. அவளுக்கு உள்காற்று பிடிக்காது, வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் முதல் காரியம் அதைத்தான் தள்ளுவாள், அடைத்துப்போட்ட மாதிரி இருக்கிறது என்பாள், அவர் மறுபடி எப்போதாவது இடது பக்கம் தள்ளினால் ஜாடையாகத் திரும்பத் தள்ளிவிட்டு ஜன்னலைப் பார்ப்பாள். அப்படியென்றால் தினமும். தினமும் போக, தினமும் வர. அவளைப் பார்த்த நுரையீரல் டாக்டர் கேட்டார். நல்ல மனுஷன், அவசரப்படாமல் கேட்டார். வீட்டில் யார் சிகரெட் பிடிப்பது? யாரும் இல்லை டாக்டர், எங்க வீட்டுக்குள்ள ஊதுபத்திகூடக் கிடையாது. விறகடுப்பா? இல்லை, கல்யாணமான நாளிலிருந்து கேஸ்தான். வேலை எங்கே, ஆஸ்பெஸ்டாஸ் அட்டைக் கம்பெனி, பஞ்சு மில், சிமெண்ட்? பள்ளிக்கூட ஆபீஸ் டாக்டர். வேலைக்கு எப்படிப் போவாங்க, டூவீலரா? அந்தக் கேள்விக்குத்தான் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். ரூபாவதியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார், "முன்னாடி ஸ்கூட்டர் டாக்டர். இப்ப ரொம்ப வருஷமா கார்தான். கண்ணாடிய இறக்கவே மாட்டோம்." "நல்லது" என்றார் டாக்டர், எழுதிக்கொண்டார், அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நுரையீரல் தடித்துச் சுருங்கிக்கொண்டு வருகிறது, ஏன் என்று திட்டமாகச் சொல்ல முடியாது, சிலருக்குக் காரணமே அகப்படாது என்றார். காரணமே அகப்படாது. இப்போதும் அதுதானே உண்மை. ஸ்கூட்டர் காலத்துக் கரி உள்ளே இருந்திருக்கும். அவளுடைய அப்பாவுக்கும் கடைசியில் மூச்சு இழுப்பு இருந்தது. இந்த ரோட்டில் கார் ஓட்டுகிறவர்கள் எல்லோருமா நுரையீரல் சுருங்கிப் போனார்கள், நான் போகவில்லையே, நான் பக்கத்து சீட்டில்தானே இருந்தேன், அதே துவாரம், அதே காற்று, எனக்கு ஒன்றும் ஆகவில்லையே. அப்படி நினைத்ததும் அவருக்கு உடம்பு கூசியது. தப்பித்தவன் தன் உடம்பைக் காட்டி வாதாடுகிறான். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது, பெட்டியாலும் சொல்ல முடியாது. ஆனால் கைக்குட்டை வெள்ளையாக இருந்தது என்றால் கரி வரவில்லை என்றுதானே அர்த்தம் பண்ணிக்கொண்டோம், கைக்குட்டையில் படிகிற அளவுக்குப் பெரியது மட்டும்தான் வரவில்லை என்று யாருக்குத் தோன்றியது. படியாதது எங்கே போனது. உள்ளே போய்ப் படிந்தது.

பின்னால் ஹாரன் அடித்தார்கள், பஸ் நகர்ந்திருந்தது, அவர் பழக்கத்தில் அதன் முதுகில் போய் ஒட்டினார். ஒட்டிய பிறகுதான் ஒட்டியிருக்கிறோம் என்று தெரிந்தது. சாலிகிராமம் வந்தது. எப்சிக்குக் கோபமா என்று பார்த்தார், கோபம் இல்லை, அவள் பெட்டியையும் பார்க்கவில்லை, வயிற்றில் கையை வைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். போன வாரம் ஸ்கேனில், "குழந்தை மாசத்துக்குக் கொஞ்சம் சின்னதா இருக்கு, எடை ஏறணும்" என்றார்கள். நல்லா சாப்பிடுங்க, இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்க, டென்ஷன் வேண்டாம். கப்பலில் இருக்கிற மருமகன் ஜெபராஜ் நாலாவது நாள்தான் போனில் அகப்பட்டான், "மாமா, நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் நான் இங்க இருக்கேன், பஸ்ஸு, ஆட்டோல அவள விட்டுறாதீங்க" என்றான். விடுவேனா மாப்பிள்ளை. ஆறு வருஷம் காத்திருந்து வந்த குழந்தை. ஆபீசில் வீட்டிலிருந்து வேலை செய்யக் கேட்கட்டுமா என்று எப்சி ஒரு தடவை கேட்டபோதுகூட, "எதுக்கும்மா, நான் கொண்டுபோய் விடுறேன், மகாராணி மாதிரி போய்ட்டு வா, ஒரு தூசி படாது" என்றார். ஒரு தூசி படாது. பேரிங் கடையில் அவர் வாழ்க்கை முழுக்கச் செய்த காரியமே தூசி படாமல் பார்த்ததுதான், மெழுகுத்தாளைப் பிரித்தால் திரும்பச் சுற்றி வைப்பார், ஒரு துளி மண் உள்ளே போனால் பேரிங் போய்விடும் என்று வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வார். இரும்புக்குத் தெரிந்தது எனக்கு மனுஷருக்குத் தெரியவில்லை. இன்னும் பிறக்காதது, அதற்கு மூக்கே வேலை செய்யவில்லை, இவள் இழுக்கிற மூச்சுதான் அதற்கும். இந்தத் துவாரம் இவள் முகத்துக்கு நேரே. ரூபாவதி முகத்தை வைத்த அதே துவாரம். லிவரைத் தள்ளிவிட்டால் என்ன, ஒரு விரல் அகலம், அது வெறும் பிளாஸ்டிக், அதில் இருப்பது காய்ந்த விக்ஸ், அவள் அதில் இல்லை, கல்லறையிலும் இல்லை என்று பாஸ்டர் சொன்னாரே. அது இல்லை. விரலின் திட்டு அழிந்துபோகும் என்பது இல்லை அவருடைய பயம். அந்தப் பயம் கொஞ்ச நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. தள்ளினால் பெட்டி என்ன காட்டும் என்பதுதான் பயம்.

வடபழனி சிக்னலில் எல்லாம் நின்றது. நின்றது என்றால் இஞ்சின்கள் நிற்கவில்லை, சக்கரங்கள் மட்டும். முன்னால் பஸ், இடது பக்கம் டெம்போ, பின்னால் இன்னொரு பஸ்ஸின் முகம் கண்ணாடி முழுக்க. பெட்டியில் ஊதா அடர்ந்துகொண்டே போயிற்று, நிறத்துக்கு நடுவில் பொடியாகத் தெரிந்த எண் ஏறிக்கொண்டிருந்தது. எப்சி ஒன்றும் சொல்லாமல் தோளில் கிடந்த துப்பட்டாவை எடுத்தாள். இரண்டாக மடித்தாள். மூக்கையும் வாயையும் மூடிப் பின்னால் கொண்டுபோய் முடிச்சுப் போட்டாள். கண்ணாடி ஏற்றிய காருக்குள், ஏசியில், எலுமிச்சை வாசனையில், அந்த ஸ்கூட்டிப் பெண்ணைப் போலக் கண்ணை மட்டும் விட்டுக்கொண்டு அப்பாவைத் தொந்தரவு செய்யாமல் உட்கார்ந்துகொண்டாள். அருமைநாயகம் அதைப் பார்த்தார். கையை நீட்டி லிவரைத் தள்ளினார். அது நகரவில்லை. மூன்று வருஷத் தூசி பிடித்து இறுகியிருந்தது. கட்டைவிரலை வைத்து அழுத்தினார், நெரிந்தது, இன்னும் அழுத்தினார், உள்ளே எங்கோ கதவு அடைபடுகிற மாதிரி டப்பென்று ஒரு சத்தம் கேட்டது, லிவர் இடது கோடிக்குப் போய் முட்டியது. துவாரங்களின் உஸ் சத்தம் வேறு சத்தமானது, தூரத்தில் கேட்கிற மாதிரி. கட்டைவிரலைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பாக, பிசுபிசுப்பாக, முகர்ந்தால் இன்னும் லேசாக விக்ஸ். அதைத் துடைக்காமல் கையை கியர் மேல் வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்தார். இறங்கு என்று நினைத்தார். குழந்தைக்காக இறங்கு. அதே மூச்சில், இறங்காதே என்றும் நினைத்தார், இறங்காதே, அந்த லிவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று இரு, அவள் குடித்தது காற்றுதான் என்று இரு. ஒரே நெஞ்சுக்குள் இரண்டு வேண்டுதலும் ஒன்றையொன்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றன. பெட்டி கொஞ்ச நேரம் ஊதாவாகவே இருந்தது. பிறகு சிவப்பானது.

"அப்பா! குறையுதுப்பா!" எப்சி துப்பட்டாவைக் கழுத்துக்கு இறக்கிவிட்டாள். முகம் மலர்ந்திருந்தது, கைக்குட்டையை ஜன்னல் வழியாக நீட்டிய ரூபாவதியின் முகம். "பாத்தீங்களா, ஒண்ணுமே செய்ய வேண்டாம், இவ்வளவு சுலபம்." ஆரஞ்சு. சுலபம் என்பதுதான் தாங்கவில்லை. பெரிய மருந்து, பெரிய ஆபரேஷன், கையில் இல்லாத பணம், எதுவும் இல்லை, ஒரு விரல் அகலம். ஒவ்வொரு நிறமும் இறங்க இறங்க அவருக்கு யாரோ படிக்கட்டில் ஒவ்வொரு படியாக இறங்கி அவரை நோக்கி வருகிற மாதிரி இருந்தது. "அம்மா இருந்தா இத இந்தப் பக்கம் வைக்க விடமாட்டாங்க" என்றாள் எப்சி சிரித்துக்கொண்டே, "மூச்சு முட்டுதுன்னு உடனே அந்தப் பக்கம்..." அங்கே நின்றுவிட்டாள். லிவரைப் பார்த்தாள். அவருடைய கட்டைவிரலைப் பார்த்தாள். துவாரத்தைப் பார்த்தாள், பிறகு முன்னால் நின்ற பஸ்ஸைப் பார்த்தாள், தன் கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். சிக்னல் விழுந்தது. பஸ் புகையைக் கக்கிவிட்டு நகர்ந்தது. அருமைநாயகம் நகரவில்லை. பஸ்ஸுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு வண்டி நிற்கிற இடம் விழுந்தது, பின்னால் எல்லாரும் சேர்ந்து ஹாரன் அடித்தார்கள், அந்த இடத்தில் ஒரு ஆட்டோ குறுக்கே நுழைந்தது, நுழைந்தவர் தலையை வெளியே நீட்டி, "இன்னா பெருசு, பட்டா போட்டு வச்சிருக்கியா ரோட்ட?" என்று கத்திவிட்டுப் போனார். போகட்டும் என்று விட்டார். மெதுவாக கியர் போட்டு, அந்த ஆட்டோவுக்கும் பின்னால் மறுபடி அதே அளவு இடம் விட்டு வண்டியை நகர்த்தினார். பெட்டி மஞ்சளுக்கு வந்திருந்தது. எப்சி கையை நீட்டி, சத்தமில்லாமல், அதன் முகம் அவருக்குத் தெரியாதபடி ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாள். அவர் சொன்னார்: "திருப்பாதம்மா. இந்தப் பக்கமே இருக்கட்டும்."